உப்புக் கேட்ட ஆவி

என்னை முதன்முதலில் ஆவி என்று கூப்பிட்டவள் மார்க்கெட்டில் தழை விற்கிற கண்ணம்மாள். "வாங்க ஆவியம்மா, இன்னைக்கு மல்லித்தழை ஓசி" என்றாள். வருஷக்கணக்காக அவளிடம்தான் தழை வாங்குகிறேன். ஓசி என்ற சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. சித்திரை வெயில் மண்டையைக் கலக்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, தழையைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஓசியில் வருவதை வேண்டாம் என்கிற பெருந்தன்மை எனக்குக் கிடையாது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால், ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரிக்கின்றன. அதில் ஒரு வாண்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "உப்பு எங்கடி?" என்றது. நான் நின்று முறைத்தேன். சாதாரணமாக நான் முறைத்தால் பெரிய ஆட்களே செபப் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். இதுகள் இன்னும் பலமாகச் சிரித்தன. "அச்சு அசல் அப்படியேதான் இருக்காக" என்று ஒரு பெண்பிள்ளை தோழியின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

இதெல்லாம் 1998இல் நடந்தது. என் பெயர் அமலராணி; அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் சிலுவைமுத்து போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. திண்டுக்கல்லில் சொந்த வீடு, ஒரே மகன் ரொனால்டு. அப்துல் வாஹித் பாயின் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து லிடியா என்ற பெண்ணைக் கட்டிவைத்தேன். ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் இருந்தவள்.

நல்ல பெண்தான். ஆனால் பேசமாட்டாள். நான் பேசுவேன், அவள் கேட்பாள். சாப்பாட்டில் கை வைத்ததும் நான் "உப்பு எங்கடி?" என்பேன். அவள் சத்தமில்லாமல் எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைப்பாள். "உப்பு சரியாத்தானே இருக்கு" என்று ஒரு தடவையாவது சொல்லக் கூடாதா? மாட்டாள். ஒரு சண்டை என்றால் எதிர்ச்சத்தம் வேண்டாமா? நானே கத்தி நானே ஓய்ந்து நானே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவேன். கல்யாணமாகி ரெண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் கழிந்த வாரத்தில் ஊருக்கு ஒரு படம் வந்தது. பெயர் "மீண்டும் அத்தை". செத்துப்போன மாமியார் பதினாறாம் நாள் ஆவியாகத் திரும்பி வருகிறாள். பழிவாங்க இல்லை, மருமகள் வைக்கிற குழம்பில் உப்பு சரியில்லை என்று சொல்ல வருகிறாள். கொட்டகையில் சனம் சிரித்துச் சிரித்து நாற்காலியை உடைத்ததாகப் பேச்சு. ஆவியின் முகத்தை மட்டும் எந்தப் போஸ்டரிலும் போடவில்லை. டிக்கெட் எடுத்து உள்ளே வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வாஹித் பாய்க்கு ஒரு யோசனை. கல்யாணப் பத்திரிகையும் காலண்டருமே அடித்து அலுத்துப்போனவர், அந்த சினிமாக் கம்பெனியைப் பிடித்துப் பேசி, கதையைப் படக்கதைப் புத்தகமாகப் போட அனுமதி வாங்கிவிட்டார். நடிகர் நடிகை முகம் அப்படியே வரக் கூடாது, கதை மட்டும் வரலாம் என்று பேச்சு. பள்ளிக்கூட லீவுக்கு முதல் புத்தகம் வந்தாக வேண்டும். படம் வரைய ஆள் தேடியபோது ரொனால்டு தலையைச் சொறிந்துகொண்டு, "நம்ம வீட்ல லிடியா வரையும் பாய்" என்றானாம்.

அன்று சாயங்காலம் லிடியா என் முன்னால் வந்து நின்றாள். அவளாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அத்தை, ஒரே ஒரு தடவை அந்தப் படத்தைப் பாத்துட்டு வரட்டுமா? தொழிலுக்காகத்தான்."

"தவக்காலத்துல சினிமாவா? ஆண்டவர் சிலுவையில தொங்குறாரு, உனக்குப் பேய்ப் படம் கேக்குதோ? எங்க மாமியா காலத்துல இருந்து இந்த வீட்ல தவசு நாள்ல கொட்டகைப் பக்கம் ஒருத்தரும் கால் வச்சதில்ல."

"சரி அத்தை" என்று போய்விட்டாள். இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் நான் இளகியிருப்பேனோ என்னவோ. கேட்டால்தானே?

படம் பார்க்க முடியாதென்றதும் அவள் ரொனால்டிடம் கதை வசன கேசட் ஒன்றை வாங்கிவரச் சொன்னாள். அப்போதெல்லாம் படத்தின் பேச்சு முழுவதையும் கேசட்டில் போட்டு விற்பார்கள். டீக்கடையில் காலையிலிருந்து அதுதான் ஓடும். தவக்காலத்தில் கேசட் கேட்கக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருக்கவில்லை. அங்கேதான் ஏமாந்துவிட்டேன். நடுக்கூடத்தில் பாயை விரித்து, டேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வரியைக் கேட்பாள், நிறுத்துவாள், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வரைவாள், திரும்பவும் பின்னால் ஓட்டுவாள். "உப்பு எங்கடி? உப்பு எங்கடி? உப்பு எங்கடி?" என்று அந்த ஆவி என் வீட்டில் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு நர்கீஸ் ஒரு நாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "என்னக்கா, பாவம் அந்தப் புள்ளையப் போட்டு இம்புட்டு நேரமா வஞ்சுக்கிட்டே இருக்கீக?" என்றாள். நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன். உள்ளே கத்திக்கொண்டிருந்தது கேசட். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஈஸ்டர் கழிந்து புத்தகம் வந்தது. நிலக்கோட்டைக்குத் திரும்புகிற பூ வேன்களில் கட்டுக் கட்டாக ஏற்றி அனுப்பியதாக ரொனால்டு சொன்னான். எனக்கு ஒரு புத்தகம் கொடு என்று கேட்டதற்கு, "எல்லாம் போயிருச்சும்மா, அடுத்த அச்சுல தாரேன்" என்றான். பெற்ற தாயிடம் புளுகுகிறான் என்று எனக்கெப்படித் தெரியும்?

கடைசியில் நர்கீஸ்தான் கொண்டுவந்தாள். மாராப்புக்குள் மறைத்து, கஞ்சா கடத்துகிறவள் மாதிரி. "அக்கா, நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீக" என்று என் கையில் வைத்தாள். பூ வேனில் போய் வந்த புத்தகம். மல்லிகை வாசம் அடித்தது. அட்டையில், அடுப்புப் புகைக்குள்ளிருந்து ஆவி எழுந்து வருகிறது. குண்டு உடம்பு. வெள்ளைச் சட்டை, முழங்கை வரை. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருக்கிறது. வலது கன்னத்தில் மரு. ஒரு கை இடுப்பில், ஒரு கையில் கரண்டி. காலில் ரப்பர் செருப்பு, ஒன்றுக்கு நீல வார், ஒன்றுக்குப் பச்சை வார்.

நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். ஒன்று நீலம், ஒன்று பச்சை.

"படத்துல வார ஆவி இப்பிடியா இருக்கும்?" என்று நர்கீஸிடம் கேட்டேன்.

"அது ஒல்லிக்குச்சிக்கா. தலையை விரிச்சுப் போட்டுருக்கும். அதுக்குக் காலே கெடையாது" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அவளை அனுப்பிவிட்டு லிடியாவைக் கூப்பிட்டேன்.

"இது யாரு?"

அவள் முகம் வெளிறிவிட்டது. "வேணும்னு செய்யல அத்தை. படம் பாக்கல. கேசட்டைக் கேட்டுட்டுக் கண்ணை மூடினா நீங்கதான் வாரீக. மாத்தி மாத்தி வரைஞ்சு பாத்தேன். திரும்பத் திரும்ப நீங்கதான்."

"உசுரோட இருக்கவளை ஆவியாக்கி ஊரு பூராம் வித்திருக்க. அம்புட்டுக் கசப்பா என் மேல?"

"இல்ல அத்தை" என்றாள். அவ்வளவுதான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபமென்று நினைத்துக்கொண்டேன், அழுகைதான் அது. மகன் சாயங்காலம் வந்ததும் அவனையும் பிடித்தேன். "ஏலே, நீதானலே மிஷின் ஓட்டுன? பெத்தவ மூஞ்சி கண்ணுக்குத் தெரியலையா?" என்றால், "மிஷின்ல ஓடுறப்ப எல்லாம் மையாத்தாம்மா தெரியும்" என்கிறான். இவனைப் பெற்றதற்கு ஒரு அம்மியைப் பெற்றிருந்தால் அரைக்கவாவது உதவியிருக்கும்.

மறுநாள் நேரே அச்சகத்துக்குப் போனேன். வாஹித் பாய் எழுந்து நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். "உக்காருங்கக்கா, டீ சொல்லவா?"

"ஆவிக்கு டீ எதுக்கு பாய்? உங்களுக்குமா அடையாளம் தெரியல?"

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. "பாத்ததும் தெரிஞ்சுச்சுக்கா. சிரிப்பு தாங்கல. சினிமாவுல வந்ததை விட நல்லா இருந்துச்சு, அதான் விட்டுட்டேன். ஒட்டன்சத்திரத்துல இருந்தெல்லாம் இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்புன்னு போன் வருது."

"இன்னொரு புத்தகம் இந்த மூஞ்சியோட வந்துச்சு, நான் கோர்ட் ஏறிருவேன். விளையாட்டுக்குச் சொல்லல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தெருவில் நடக்கும்போது மனசு கொஞ்சம் ஆறியது.

வாஹித் பாய் யோக்கியமான மனுஷர். இப்படி ஒரு அம்மா வழக்குப் போடுவேன் என்கிறார் என்று கம்பெனிக்கு எஸ்.டி.டி. போட்டுச் சொல்லிவிட்டார். கம்பெனியோ அந்தச் சொல்லைக் கேட்டதும் பயந்துவிட்டது. ரெண்டாவது புத்தகத்தை நிறுத்து, மானேஜர் நேரில் வருவார், ஒன்று வேறு ஆளை வைத்து வேறு ஆவி வரைய வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி ரத்து என்று பதில் வந்தது. ரொனால்டு சோறு சாப்பிடும்போது இதைச் சொன்னான். லிடியா தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பெரிய வெற்றிதான். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் நடுக்கூடத்தில் அவள் விரிக்கிற பாய் இல்லை. பிரஷ்களைக் கழுவித் துடைத்து, இந்தியன் இங்க் புட்டியை இறுக மூடி, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டாள். டேப்பின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். சண்டைக்கு வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் பேசாமல் துணி துவைத்தாள், பேசாமல் சோறு பொங்கினாள். மத்தியானம் நான் "உப்பு எங்கடி?" என்றபோது ஜாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் பேசி முடிக்கும்வரை நிற்காமல் போய்விட்டாள். ரெண்டு மாசமாகக் கத்திக்கொண்டிருந்த கேசட்டும் இல்லை. வீடு சாவு விழுந்த துஷ்டி வீடு மாதிரி இருந்தது. ஆவி போய்விட்டது, நான் மட்டும் மிச்சம்.

ரெண்டு நாள் கழித்து அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டு வரப் போயிருந்தாள். நான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். வழக்கு என்று வந்தால் உள்ளே இன்னும் என்னென்ன செய்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டுமே. அட்டையைத் தவிர நான் எதையும் பார்த்திருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, சிரிப்பு வந்தது. ஆவி ரேஷன் அரிசியில் கல் பொறுக்குகிறது. ஆவி பால்காரனிடம் தண்ணீர் கலந்தாயா என்று சண்டை போடுகிறது. அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுகிறான். தனியாக உட்கார்ந்து என்னைப் பார்த்து நானே சிரித்தேன். பாதிப் புத்தகம் தாண்டி ஒரு பக்கம் வந்தது. அதில் வசனமே இல்லை.

மகனும் மருமகளும் வெளியே போகிறார்கள். ஆவி கதவைச் சாத்துகிறது. இந்தப் பக்கம் பார்க்கிறது, அந்தப் பக்கம் பார்க்கிறது. பிறகு அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, உப்பில்லை என்று காலையில் குறை சொன்ன குழம்புச் சட்டியை மடியில் இழுத்து வைத்து, பழைய சோற்றை அதிலேயே போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறது. கடைசியில் சட்டியை விரலால் வழித்து நக்குகிறது. கண்ணை மூடியிருக்கிறது. அந்த முகத்தில் இருந்த ருசியை நான் என்னவென்று சொல்ல.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. லிடியா வைக்கிற கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்பை நான் அப்படித்தான் தின்பேன். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு. சட்டியைக் கழுவியும் வைத்துவிடுவேன். மிச்சக் குழம்பைக் கீழே கொட்டிவிட்டதாகச் சொல்வேன்.

கடைசிக் கட்டத்தில் ஆவி, சுவரில் மாட்டியிருக்கிற புருஷன் படத்துக்கு முன்னால் நின்று ஏதோ பேசுகிறது. பேச்சு எழுதுகிற வட்டம் வரைந்திருக்கிறது. வட்டத்துக்குள் எழுத்து ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருக்கிறது.

நான் என்ன பேசுவேன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "சின்னவ என்னை விட நல்லா ஆக்குறா, கேட்டீகளா. ஆனா அதை அவகிட்ட சொல்லிட்டா, இந்த வீட்ல எனக்கு என்ன வேலை இருக்கு?" என்று சிலுவைமுத்துவிடம் கேட்பேன். அவர் போன பிறகு என்னை இப்படி உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. எல்லாருக்கும் நான் ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த ஊமைப் பெண் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, கிண்டல் செய்யாமல் வரைந்திருக்கிறாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

லிடியா வந்ததும் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். "இங்க ஏன் வசனம் இல்ல?"

"கேசட்ல அந்த இடத்துல வெறும் மியூசிக்தான் அத்தை வருது. படத்துல என்ன நடக்குதுன்னு தெரியல. அதான் நம்ம வீட்ல என்ன நடக்குமோ அதை..." என்று நிறுத்தினாள்.

"நீ எப்படிப் பாத்த?"

"குடை எடுக்கத் திரும்பி வந்தேன் ஒரு நாள். சன்னல் தெறந்திருந்துச்சு." பிறகு, "அன்னையில இருந்து ஒரு கரண்டிக் குழம்பு கூடுதலாத்தான் வைக்கிறேன்" என்றாள்.

 "பள்ளிக்கூடத்துல வேலை என்னாச்சு?" என்று கேட்டேன். எடம் இல்லை என்றாள். "நல்லது. சீலையை மாத்து, வெளிய போறோம்" என்றேன்.

"எங்க அத்தை?"

"படத்துக்கு. இப்பத்தான் தவசு காலம் முடிஞ்சிருச்சுல்ல?"

ஊரில் படத்தைத் தூக்கிவிட்டார்கள், நிலக்கோட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் காலியான பூக்கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே போனோம். புருஷன் போன பிறகு நான் கொட்டகைக்குள் நுழைவது அதுதான் முதல். ஆவி வந்தது. நர்கீஸ் சொன்னது சரிதான். ஒல்லிக்குச்சி, உதட்டில் சாயம் வேறு. "இது வயிறு நிறைய ஒரு வேளை சோறு தின்னிருக்குமா? இதுக்கு உப்பைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். முன்வரிசை ஆள் திரும்பிப் பார்த்தார். "என்னய்யா, கேட்டது தப்பா?" என்றேன். அவர் திரும்பிக்கொண்டார்.

அந்த வசனமில்லாத இடமும் வந்தது. ஒரு ஆடு ஆவியின் சீலையைக் கடிக்கிறது. ஆவி ஓடுகிறது, ஆடு துரத்துகிறது. அவ்வளவுதான்.

"ஆடு" என்றாள் லிடியா. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், ரெண்டு வருஷம் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அது. முந்தானையை வாயில் திணித்தும் நிற்கவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. படம் முடிகிற இடத்தில், மருமகள் ஒரு நாள் குழம்பைச் சரியாக வைத்துவிடுகிறாள். ஆவி திருப்திப்பட்டு மேலே போய்விடுகிறது. சனமெல்லாம் கண்ணைத் துடைத்தது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை கம்பெனி மானேஜர் வந்தார். பழனிக்குமார் என்று பெயர். பாலசமுத்திரத்து ஆள், சென்னையில் வருஷக்கணக்கில் இருந்தும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. நான் அச்சகத்துக்குள் நுழையும்போது வாஹித் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "படம் அருமையாத்தானுங்க வரைஞ்சிருக்குது. எம்பட ஊட்லயே குழந்தைங்க சண்டை போட்டுப் படிக்குதுங்க. ஆனா அந்தம்மா கேஸுன்னு போனாங்கன்னா கம்பெனிக்கு ஆகாதுங்க. நிறுத்திப் போடலாமுங்க."

லிடியா ஓரமாகப் பிஸ்கட் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வேறு ஆள் வரைவதென்றால் இங்க் புட்டியையும் பிரஷ்களையும் பாயிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் வாங்கித் தந்தவை. பிறகு அவள் வாழ்க்கை முழுக்க என் பின்னால் நின்று உப்பு ஜாடி எடுத்துத் தருவாள்.

"கேஸ் போடுறேன்னு சொன்னவ நான்தான்" என்றேன்.

மானேஜர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியில் சுற்றிய நூலைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். சட்டென்று எழுந்து நின்றுவிட்டார், நாற்காலி பின்னால் சாய்ந்தது. "ஏனுங்கம்மா..." என்று இழுத்தார்.

"உக்காருங்க தம்பி. உசுரோடதான் இருக்கேன்."

"உங்க மனசு நோகற மாதிரி ஆயிப் போச்சுங்க. மன்னிச்சுக்கோணும்."

"நொந்துச்சு. இப்ப இல்ல. கேஸ் கிடையாது. என் மூஞ்சியை எம்புட்டு வேணாலும் போட்டுக்கங்க, எனக்குச் சம்மதம். பாய் சாட்சி. ஆனா ரெண்டு விஷயம். அட்டையில சினிமாக்காரங்க பேருக்குப் பக்கத்துல என் மருமக பேரும் வரணும். பொடி எழுத்துல இல்ல, கண்ணாடி இல்லாம நான் படிக்கிற மாதிரி."

"அது பண்ணிப் போடலாமுங்க. இன்னொண்ணு?"

"அந்த ஆவி மேல போகக் கூடாது."

மானேஜர் வாஹித் பாயைப் பார்த்தார். "படத்துல அப்படித்தானுங்களே முடியுது. குழம்பு நல்லா இருந்ததுன்னா அதுக்குத் திருப்தி ஆயிருமுங்களே?"

"ஒரு நாள் நல்லா இருந்தா? மறுநாளும் அடுப்புப் பத்த வைக்கணும்ல? குழம்பு நல்லா இருந்தா ஆவிக்கு வீட்ல எடம் இல்லைன்னு எவன் சொன்னான்? அது அங்கனயே இருக்கும். உக்காந்து சாப்பிடும். நல்லாருக்குன்னு சொல்லிட்டே குறையும் சொல்லும்." என் குரல் எனக்கே என்னவோ போல இருந்தது. "சினிமா முடியட்டும் தம்பி. புத்தகம் எதுக்கு முடியணும்?"

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். அதிலேயே தெரிந்துவிட்டது. லிடியா பிஸ்கட் டப்பாவைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். வாஹித் பாய் இந்தத் தடவை என்னைக் கேட்காமலே டீ சொன்னார்.

"மீண்டும் அத்தை" படக்கதை 2006 வரைக்கும் வந்தது. படம் எல்லாருக்கும் மறந்துபோன பிறகும் வந்தது. ஆவி மலைக்கோட்டை ஏறியது, ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக்குப் பேரம் பேசியது, கம்ப்யூட்டர் கூடப் படித்தது. கண்ணம்மாள் மட்டும் அதற்குப் பிறகு ஒரு கட்டுத் தழைகூட ஓசியில் தரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வியாழக்கிழமைச் சமையலைப் பற்றி. அச்சகத்திலிருந்து வந்ததும், "இன்னைக்கு நான் ஆக்குறேன், நீ போய் வேலையைப் பாரு" என்று லிடியாவை நடுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு வாசற்படிப் பக்கம் வந்து, "ஏத்தா, தாளிக்க வடகம் எங்க வச்ச?" என்றேன்.

"அத்தை, அப்படியே நில்லுங்க" என்றாள். பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. "இடுப்புல கைய வைங்க. செத்த நேரம். அசையாதீக."

என்னை அசையாதே என்று சொன்னவர்கள் இந்த வீட்டில் யாரும் கிடையாது. அசையாமல் நின்றேன். கை கடுத்தது, கால் கடுத்தது. அவள் என்னைப் பார்ப்பாள், தாளைப் பார்ப்பாள், மறுபடி என்னைப் பார்ப்பாள். ஒரு வாசம் வந்தது. எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. இருந்தும் நகரவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். ரொனால்டு ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வருஷம் என்னிடம் சாப்பிட்டவன், வாயைத் திறப்பானா? லிடியா இன்னொரு வாய் எடுத்து மென்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, குழம்பு அடிப்பிடிச்சிருக்கு" என்றாள்.

ரொனால்டு கையை உதறிவிட்டு எழுந்திருக்கத் தயாராகிவிட்டான். அவள் நிறுத்தவில்லை. இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். "உப்பும் கம்மியா இருக்கு. உப்பு எங்க அத்தை?"

நான் எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.